எண்ணெய் ஏறாத ரம்பம்

சாரி-கெச்சு கிராமத்தில் சாதாத் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். எண்ணெய்க்காரி என்று கேட்டால் உடனே வீட்டைக் காட்டுவார்கள். அவள் எண்ணெய் விற்கிறவள் அல்ல. மரம் அறுக்கிறவள். புது வீட்டுக்குக் கூரை போடுகிறவர்கள், வாய்க்கால் ஓரத்துப் பாப்லர் மரங்களைச் சாய்க்க வேண்டியவர்கள் எல்லாரும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆண்கள் செய்கிற வேலையை ஒரு பெண் செய்கிறாளே என்று ஊர் முதலில் சிரித்தது, அப்புறம் பழகிக்கொண்டது. பழகாமல் போனது ஒன்றுதான். மரத்தடிக்கு வந்ததும் அவள் எஞ்சின் ரம்பத்தை உடனே மரத்தில் வைக்க மாட்டாள். பழைய மாவுச் சாக்கைத் தரையில் விரித்து, ரம்பத்தின் நுனியை அதற்கு நேராகப் பிடித்து, எஞ்சினை முறுக்குவாள். சுற்றி ஓடும் சங்கிலியிலிருந்து எண்ணெய் தெறித்துச் சாக்கில் கோடாக விழ வேண்டும். கோடு மங்கலாக இருந்தால் அணைத்துவிட்டு உட்கார்ந்து துடைப்பாள், கம்பியால் குத்துவாள், மறுபடி முறுக்குவாள். ஊற்றி வைத்த தேநீர் ஆறிப்போகும். கூலிக்கு வந்த ஆட்கள் கொட்டாவி விடுவார்கள்.

"மாப்பிள்ளைக்கு மருதாணி பூசுற மாதிரி பூசிக்கிட்டு இருக்காளே," என்பாள் கீழத்தெரு ஐஜர்கின். வயதில் மூத்தவள், வாய் நீளம். சாதாத் சாக்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். கோட்டைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு சீராகும்.

அந்தப் பயம் அவளுக்குக் கணவன் வழியாக வந்தது. ஜுமாகாதிர் கல்யாணமான புதிதில் குளிர்காலம்தோறும் சைபீரியக் காடுகளுக்கு மரம் வெட்டப் போனவன். ஒரு வருடம் முகாமில் அவனுக்குக் கிடைத்த ரம்பத்தில் சங்கிலிக்கு எண்ணெய் வரவில்லை. எல்லாருக்கும் அது தெரியும். பழுது பார்க்க நேரமில்லை என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். டப்பாவிலிருந்து சங்கிலி மேல் எண்ணெயை ஊற்றி ஊற்றி வேலையை ஓட்டினார்கள். காய்ந்துபோன சங்கிலி சூடேறி, தொய்ந்து, ஒருநாள் அறுந்து, சவுக்கு மாதிரி திரும்பி அவன் முழங்காலுக்கு மேலே கிழித்தது. கால் பிழைத்தது, மடங்குவது நின்றுபோனது. ஊர் திரும்பியவன், அதற்கு முந்தின வருடச் சம்பளத்தில் ஆசையாக வாங்கி வந்திருந்த தன் சொந்த ரம்பத்தைத் துணி போட்டு மூடிக் கொட்டகை மூலையில் வைத்தான். அதன் பக்கமே போகவில்லை.

இரண்டு பெண் குழந்தைகள். அவனால் நாள் முழுக்க நிற்க முடியாது. ஒரு வசந்தத்தில் சாதாத் அந்தத் துணியை எடுத்தாள். வாசற்படியில் நின்றபடி எதை இழுக்க வேண்டும், எதைத் திருக வேண்டும் என்று அவன் சொன்னான். கிட்ட வரவில்லை. "முதல்ல எண்ணெய் வருதான்னு பாரு. வரலைன்னா யார் கத்தினாலும் அறுக்காதே," என்றான். அன்றிலிருந்து அவள் அறுக்கிற ஒவ்வொரு மரத்துக்கும் அவன் வீட்டில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பான். எஞ்சின் சத்தம் திடீரென்று நின்றால் அவன் முகம் வெளுத்துவிடும். அவளுக்கும் அது தெரியும். அதனாலேயே வேலை முடிந்ததும் ஒரு தடவை வீணாக எஞ்சினை உறுமவிட்டுத்தான் அணைப்பாள், நான் நன்றாக இருக்கிறேன் என்று சொல்வது போல.

பெண்கள் வளர்ந்தார்கள். இருவரும் தலைநகர் பிஷ்கெக்கில் தையல் பட்டறையில் சேர்ந்தார்கள். மூத்தவளுக்குக் கல்யாணமாகி, போன இலையுதிர் காலத்தில் குழந்தை பிறந்தது. சாதாத் போய்ப் பக்கத்தில் இருந்துவிட்டு, பனி விழ ஆரம்பித்த பிறகுதான் ஊர் வந்தாள். குளிர்காலம் முழுக்க ரம்பம் கொட்டகையில் கிடந்தது.

மே மாதத்தில் மலை மேல் பனி கிடக்கும்போதே கதகதப்பான மழை பிடித்துக்கொண்டது. ஆறு ஒரே ராத்திரியில் தேநீர் நிறத்துக்கு மாறியது. விடிந்து ஆடுகளை அவிழ்த்துவிடுகிற நேரத்தில், மேல்கரையில் நின்ற கிழட்டுப் பாப்லர் ஒன்று வேரோடு சரிந்து மிதந்து வந்து, பாலத்தின் இரண்டு தூண்களுக்கும் குறுக்கே அடைத்துக்கொண்டது. அதன் கிளைகளில் முள்ளும் வைக்கோலும் சேறும் வந்து வந்து ஒட்ட, பாலம் அணையாகிவிட்டது. போக வழியில்லாத தண்ணீர் கரை ஏறிக் கீழத்தெருவுக்குத் திரும்பியது. அங்கே எல்லா வீடும் சுடாத பச்சைச் செங்கல். அடிச்சுவரில் தண்ணீர் நின்றால் சர்க்கரை மாதிரி கரையும்.

ஜுமாகாதிரின் சித்தப்பா மகன் துர்துமாம்பெத் டிராக்டரைக் கொண்டுவந்து மரத்தில் கம்பிக்கயிறு கட்டி இழுத்தான். மரம் அசையவில்லை, டிராக்டர்தான் சேற்றில் பக்கவாட்டில் வழுக்கியது. கயிறு அறுந்தது. காட்டிலாகாக்காரரின் ரம்பம் அவரோடு மேய்ச்சல் மலைக்குப் போயிருந்தது. கோடரியோடு இரண்டு பேர் பாலத்தில் குனிந்து கொத்தினார்கள். தண்ணீருக்குள் கோடரி வீச்சு எடுபடவில்லை. துர்துமாம்பெத் முழங்கால் வரை சேற்றோடு சாதாத் வீட்டுக்கு ஓடிவந்தான்.

"அண்ணி, ரம்பத்தை எடுத்துட்டு வாங்க. வேற வழியில்ல."

அவள் ரம்பத்தையும், பெட்ரோல் கேனையும், புதிதாக வாங்கி வைத்திருந்த எண்ணெய்க் கேனையும், கருவிப் பையையும் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் ஓடினாள். வாசலில் ஜுமாகாதிர் கைத்தடியைத் தேடிக்கொண்டிருந்ததை அவள் பார்த்தாள். நிற்கவில்லை.

பாலத்தருகே ஊரே நின்றது. இரண்டு டேங்கையும் நிரப்பினாள். எண்ணெய் டேங்க் பாதி ஏற்கெனவே நிறைந்திருந்ததை அவள் கவனித்தாள். கவனித்து யோசிக்க நேரமில்லை. சாக்கை விரித்து நுனியைக் காட்டி முறுக்கினாள். சாக்கில் ஒன்றும் விழவில்லை. இன்னும் கிட்டப் பிடித்து முறுக்கினாள். கொஞ்சம் தூசி மட்டும் பறந்தது.

அவள் எஞ்சினை அணைத்தாள்.

"என்னடி பார்க்கிறே, அறுடி," என்றாள் ஐஜர்கின். கீழத்தெருவில் முதல் வீடு அவளுடையது. பாவாடையை இடுப்பில் சொருகி, கையில் மண்வெட்டியோடு நின்றாள். "என் சுவர் கரையுது."

"எண்ணெய் வரலை அக்கா."

"வரலைன்னா வராமப் போகட்டும். இன்னிக்கு ஒரு நாள் வராம இருந்தா என்ன?"

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். தண்ணீர் ஐஜர்கின் வீட்டு ஆட்டுப்பட்டியைத் தொட்டுவிட்டது. உள்ளே குட்டிகள் கத்தின. சாதாத் அத்தனை வருடத்தில் செய்யாத காரியத்தைச் செய்தாள். பாலத்தில் மண்டியிட்டுச் சங்கிலியை மரத்தில் வைத்தாள்.

ஈர மரம்தான், சமாளித்துவிடும் என்று நினைத்தாள். ஒரு சாண் ஆழம்கூடப் போகவில்லை. வெட்டிலிருந்து புகை கிளம்பியது. இரும்பு தீய்கிற நாற்றம். சங்கிலி தொய்ந்து, ரம்பத்தின் இரும்புப் பட்டைக்கு அடியில் வயிறு மாதிரி தொங்கியது. அவள் கை தானாக விசையை விட்டது. காலுக்குள் சில்லென்று ஏதோ ஓடியது, ஜுமாகாதிருக்குக் கிழிந்த அதே இடத்தில்.

அவள் ரம்பத்தைக் கரைக்குத் தூக்கிவந்து டிராக்டரின் மழை படாத பக்கத்தில் சாக்கு மேல் வைத்து உட்கார்ந்தாள். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். பக்க மூடியைக் கழற்றி, சங்கிலியையும், அது சுற்றி ஓடும் நீண்ட இரும்புப் பட்டையையும் எடுத்தாள். பட்டை கை வைக்க முடியாத சூடு. அதன் ஓரத்துப் பள்ளத்தில் அடைந்திருந்த மரத்தூளைத் தகட்டால் சுரண்டினாள். எண்ணெய் நுழைகிற சின்னத் துளையில் கம்பியை விட்டாள். கம்பி சுலபமாக வெளியே வந்தது. அங்கே அடைப்பில்லை. ரம்பத்தின் உடம்பில் எண்ணெய் வெளிவருகிற வாயைத் துடைத்துவிட்டு, பட்டை இல்லாமலே எஞ்சினைக் கிளப்பிப் பார்த்தாள். அந்த வாயில் ஒரு சொட்டு துளிர்க்க வேண்டும். காய்ந்தே கிடந்தது.

சில நேரம் டேங்குக்குள் காற்று போகிற வழி அடைத்துக்கொண்டால் எண்ணெய் இறங்காது. மூடியைத் தளர்த்தி வைத்து மறுபடி ஓட்டினாள். அப்போதும் இல்லை.

அப்படியென்றால் உள்ளே பம்ப். பம்பைச் சுழற்றும் பல்சக்கரம் பிளாஸ்டிக். அது தேய்ந்திருந்தால் நரின் நகரத்துச் சந்தைக்குப் போக வேண்டும். போகிற வழி அந்தப் பாலம்.

"அண்ணி, ஒண்ணு சொல்றேன்," துர்துமாம்பெத் குனிந்தான். வழக்கமாக அவளைக் கேலி பேசாமல் ஒரு வார்த்தை பேச மாட்டான். அன்று அவன் குரலில் கேலி இல்லை. "நீங்க அறுங்க, நான் கேன்லேர்ந்து சங்கிலி மேல ஊத்திக்கிட்டே இருக்கேன்."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"உங்க அண்ணன் காலைப் போய்க் கேளு."

"அப்ப என்கிட்ட குடுங்க. எனக்கு என்ன ஆனாலும் பரவால்ல. என் வீடும் அங்கதான் இருக்கு." அவன் ரம்பத்தின் கைப்பிடியைப் பிடித்தான். அவள் விடவில்லை. இருவரும் ஒரு ஆட்டுக்குட்டிக்குச் சண்டை போடுகிறவர்கள் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஐஜர்கின் அழ ஆரம்பித்தாள். அந்த அழுகைதான் சாதாத்தை உலுக்கியது. ஏச்சு என்றால் அவளுக்குப் பழக்கம்.

"கையை எடுடா."

ஜுமாகாதிர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். வழுக்குகிற சேற்றில் அவ்வளவு தூரம் எப்படி வந்தானோ, கைத்தடியின் பாதி மண்ணாக இருந்தது. துர்துமாம்பெத் கையை எடுத்தான். ஜுமாகாதிர் தடியை எறிந்துவிட்டு, மடங்காத காலை நீட்டி அவள் எதிரில் சேற்றிலேயே உட்கார்ந்தான். கொட்டகையில் துணி போட்டு மூடிய பிறகு அவன் ரம்பத்துக்கு இவ்வளவு கிட்டே வந்து அவள் பார்த்ததில்லை.

"பட்டைத் துளை?"

"சுத்தமா இருக்கு."

"காத்து வழி?"

"மூடியைத் திறந்து வச்சும் பார்த்துட்டேன். பம்ப்தான் போச்சு போலிருக்கு."

"பம்பை விடு," என்றான். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "டேங்குக்குள்ள இருக்கிற வடிகட்டியை எடு."

கம்பி நுனியைக் கொக்கியாக வளைத்து டேங்கின் வாய்க்குள் விட்டு அவள் துழாவினாள். உள்ளே இருக்கும் ரப்பர் குழாய் மாட்டியது. இழுத்தாள். அதன் முனையில் இருந்த வடிகட்டி வெளியே வந்தது. அதன் மேல் பழுப்பாக, கெட்டியாக, மூக்குச்சளி மாதிரி ஏதோ போர்த்தியிருந்தது. வடிகட்டியின் வலையே தெரியவில்லை. அவள் விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள். இயந்திர எண்ணெயின் வாசனை இல்லை. போர்சோக் என்ற மாவுப் பலகாரம் பொரித்த சட்டியின் வாசனை. பருத்திக்கொட்டை எண்ணெய், அடியில் கருகிய மாவுத் துகள்களோடு.

அவள் நிமிர்ந்தாள்.

"நீ பிஷ்கெக் போயிருந்தப்ப," என்றான் ஜுமாகாதிர் மெதுவாக. "கேன்ல எண்ணெய் தீர்ந்திருந்துச்சு. சமையலறையிலேர்ந்து எடுத்து ஊத்தினேன். குளிர்ல பசையாப் போயிருக்கு."

"யாரு அறுத்தது?"

"நான்தான்."

அவளுக்குக் காதில் ஆற்றின் சத்தம் ஒரு கணம் நின்றுபோனது போல இருந்தது. யாருமில்லாத வீட்டில், ஒற்றைக் காலை ஊன்றி, இந்த ரம்பத்தோடு அவன். சமையல் எண்ணெய் ஊற்றி. அவள் பேரனைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருந்த நாட்களில். பயமும் கோபமும் ஒன்றாக வந்தன. கத்தியிருப்பாள். பட்டியின் மண்சுவர் பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டது.

"பெட்ரோல் கேனை எடுங்க," என்றாள்.

வடிகட்டியைப் பெட்ரோலில் அலசி, பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்தாள். மூன்றாவது அலசலில் வலைக்கண்கள் தெரிந்தன. டேங்கைக் கவிழ்த்து உள்ளே பெட்ரோல் ஊற்றிக் குலுக்கினான் ஜுமாகாதிர். கூழ் மாதிரி வெளியே கொட்டியது. இன்னொரு தடவை. தெளிவாக வரும்வரை. வடிகட்டியை மாட்டி, குழாயைத் திரும்ப உள்ளே தள்ளி, நல்ல எண்ணெயை ஊற்றினார்கள். துர்துமாம்பெத் மழைக்குத் தன் மேல்கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கிளப்பினாள். எண்ணெய் வாய் காய்ந்தே இருந்தது.

பம்ப்தான் என்று அவள் மனதுக்குள் முடிவே கட்டிவிட்டாள். ஜுமாகாதிர் தலையை ஆட்டினான். "குழாய்ல காத்து நிக்குது. மறுபடி இழு." அவள் குழாயை இழுத்தாள். அவன் வடிகட்டியைக் கழற்றி, ஒரு புல்லாங்குழலை வைப்பது போலக் குழாய் முனையை உதட்டில் வைத்து ஊதினான். பிறகு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் குழாய்க்குள்ளேயே நிரப்பினான். வடிகட்டியை மாட்டி உள்ளே விட்டார்கள். எண்ணெயின் அளவைக் கூட்டும் திருகை அவள் கடைசிவரை திருகினாள்.

இந்தத் தடவை எண்ணெய் வாயில் முதலில் ஒரு குமிழி வந்து உடைந்தது. பின்னால் இன்னொன்று. அதன் பின்னால் கருத்த ஒரு துளி துளிர்த்து, வழிந்து, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

ஜுமாகாதிரின் தாடையில் எண்ணெய் வழிந்துகொண்டிருந்தது. அவன் துடைக்கவில்லை.

பட்டையைப் பொருத்தி, சூட்டில் நீண்டுபோன சங்கிலியை இறுக்கினாள். சாக்கு சேற்றில் ஊறிவிட்டது. தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்துக் கல் மேல் விரித்து, நுனியைக் காட்டி முறுக்கினாள். மெல்லிய பழுப்புக் கோடு விழுந்தது. ஐஜர்கின் உட்பட எல்லாரும் குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார்கள்.

ஜுமாகாதிர் அவள் இடுப்பில் கயிறு கட்டினான். தான் பாலத்தில் படுத்து, விறைத்த காலைக் கைப்பிடிக் கம்பத்தில் முட்டுக்கொடுத்து, கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டான். "தண்ணி தள்ளுற பக்கம் கொஞ்சமா அறு, நிறுத்து. அப்புறம் இந்தப் பக்கத்துலேர்ந்து போ. இல்லைன்னா மரம் பட்டையைக் கவ்விக்கும்."

"தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்."

அவள் அறுத்தாள். கண் வெட்டைவிடப் பட்டையின் நுனியையே அதிகம் பார்த்தது. அது ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தது. அது மினுங்கும்வரை அவளால் அழுத்த முடிந்தது. தூள் நீளநீளமாக வந்து தண்ணீரில் விழுந்தது. பாதிக்கு மேல் போனபோது மரத்துக்குள் எலும்பு முறிவது போல ஒரு சத்தம். ஜுமாகாதிர் கயிற்றை இழுத்தான். அவள் ரம்பத்தோடு பின்னால் அவன் மேல் விழுந்தாள். மரம் நடுவில் மடங்கி, இரண்டாக உடைந்து, ஒரு துண்டு கைப்பிடிக் கம்பத்தைப் பிய்த்துக்கொண்டு பாலத்துக்கு அடியில் போனது. அதன் பின்னாலேயே முள்ளும் சேறும் வைக்கோலும். கூட்டத்தில் யாரோ இறைவன் பெயரைச் சொன்னார்கள்.

தண்ணீர் உடனே வடியவில்லை. மத்தியானம் வரை கீழத்தெருவில் நின்றது. துர்துமாம்பெத் டிராக்டரால் ஒரு வாய்க்கால் வெட்டி மிச்சத்தை ஆற்றுக்குத் திருப்பினான். ஐஜர்கினின் பட்டி போய்விட்டது. குட்டிகளைத் தூக்கி வெளியே எடுத்துவிட்டார்கள். வீட்டின் அடிச்சுவர் ஊறி உப்பியிருந்தது, ஆனால் நின்றது. முட்டுக்கொடுக்கக் கட்டைகள் வேண்டும் என்று சாதாத்திடம் சொன்ன ஐஜர்கின், "உன்னை ரொம்பப் பேசிட்டேன்," என்றாள். சாதாத்துக்கு அப்போது எதுவும் காதில் ஏறவில்லை. தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து ஈரத்துணியை மாற்றிய பிறகுதான் அவள் கேட்டாள்.

"எதை அறுத்தீங்க?"

"கொல்லையில காஞ்சு நின்ன ஆப்பிள் மரம்."

"அதை துர்துமாம்பெத் வெட்டினான்னீங்களே."

"ஆமா, சொன்னேன்." அவன் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். "நீ ஒவ்வொரு தடவை போறப்பவும் நான் இங்க உக்காந்து சத்தம் கேட்டுக்கிட்டு இருக்கேன். நானும் செய்ய முடியுமான்னு பார்க்கணும்னு இருந்துச்சு. யாரும் பார்க்காதப்ப."

"கை நடுங்குச்சா?"

"நடுங்குச்சு. மரம் விழுந்தப்புறம் அங்கேயே உக்காந்துட்டேன். எழுந்திருக்கவே ரொம்ப நேரம் ஆச்சு."

"ஏதாவது ஆகியிருந்தா? நான் குழந்தையைத் தூக்கிக்கிட்டு அங்க இருக்கேன். இங்க உங்களை யாரு பார்த்திருப்பா?" அவள் குரல் உடைந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை முழுவதும் அப்போது வந்தது. அவன் தடுக்கவில்லை. அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பிறகு அடுப்பில் கொதித்து வற்றிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக வைத்தான்.

அந்தக் கோடையிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே வேலைக்குப் போகிறார்கள். சின்ன மரங்களை அவன் அறுக்கிறான், ஒரு முக்காலியில் பாதி உட்கார்ந்து. அவன் அறுக்கும்போது அவள் பார்க்க மாட்டாள். முதுகைக் காட்டி நின்று எண்ணெய்க் கேனின் மூடியைத் திருகித் திருகி மூடுவாள். பிஷ்கெக்கிலிருந்து மகள் தொலைபேசியில், "அப்பா மறுபடி வேலைக்கு வந்தது உங்களுக்கு நிம்மதிதானேம்மா," என்று கேட்டபோது சாதாத் சொன்னாள்: "எங்கடி நிம்மதி. முன்னாடி ஒரு மெஷினுக்கு மட்டும்தான் பயந்தேன். இப்போ இந்த மனுஷனுக்கும் சேர்த்துப் பயப்படறேன்."